மூன்றாம் நடையில் ஒரு கேட்

வேலியே இல்லாத இடத்தில் வேலி தாண்டிக்கொண்டிருக்கிறார் லயனல் கிட்டின்ஸ். வலது காலை மரப்படியின் கீழ்ப்பலகையில் ஊன்றுகிறார். கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறார். இடது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, முனகிக்கொண்டே இறங்கி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்கிறார். அந்த மரப்படிக்கு இருபுறமும் வெறும் புல்தான். வேலியைப் பிடுங்கி எறிந்து வருஷங்கள் ஆகின்றன. சுற்றிக்கொண்டு போனால் நாலு எட்டு. ஆனால் அவர் எழுதிய புத்தகத்தில் ‘மரப்படியில் ஏறி வேலியைத் தாண்டவும்’ என்று போட்டிருக்கிறது. வேலி போய்விட்டது என்பதற்காகத் தாண்டாமல் இருக்க அவர் தயாராக இல்லை.

சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவது கெய்னர் ப்ராசருக்கு வழக்கமாகிவிட்டது. நிலம் அவளுடையது. ஆடுகள் அவளுடையவை. பிடுங்கிய வேலியும் அவளுடையதுதான். படியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவர் கிட்டின்ஸ். “படி இல்லேன்னா எங்க திரும்பறதுன்னு நடக்க வர்றவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்ததற்கு வாசலில் வந்து நிற்கிற மனிதர் அவர்.

வென்ட்ஹோப்பில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தேவாலயம், ‘கலப்பை’ என்று ஒரு பப், ஒரு தபால் பெட்டி, மற்றபடி மேடும் மேய்ச்சலும் மழையும். ஆனால் ஊரைச் சுற்றி நடைபாதைகள் பின்னிக் கிடக்கின்றன. மேய்ச்சலுக்குக் குறுக்கே, கொட்டகை முற்றத்தின் ஊடே, ஓடைக்கரையோடு, யாருடைய நிலமானாலும் சட்டப்படி யாரும் நடக்கலாம். சனி, ஞாயிறு வந்தால் பர்மிங்ஹாமிலிருந்து ஜனங்கள் புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். பப்பில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் அடுக்கியிருக்கும். ‘வென்ட்ஹோப்பைச் சுற்றி ஆறு நடைகள்’. எழுதியவர், வெளியிட்டவர், விற்பனைக்குக் கொண்டுவந்து போடுகிறவர் எல்லாம் கிட்டின்ஸ் ஒருவர்தான். விற்காத கட்டுகள் அவர் வீட்டு முன்னறையில் கிடக்கின்றன. விருந்தாளிகள் அவற்றின் மேல் உட்கார்ந்துதான் டீ குடிக்க வேண்டும்.

புத்தகம் எழுதிய அன்றைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை. அதை ஊரே ஒத்துக்கொள்கிறது. பிறகு ஊர் மாறிக்கொண்டே போனது, புத்தகம் மாறவில்லை. இதில் குற்றம் ஊருடையது என்பது கிட்டின்ஸின் கட்சி. ‘வெள்ளைக் குதிரை நிற்கும் மேய்ச்சலில் இடப்புறம் திரும்பவும்’ என்று இரண்டாம் நடையில் இருக்கிறது. அந்தக் குதிரை வயதாகிச் செத்துப்போனது. கிட்டின்ஸ் துக்கம் விசாரிக்கப் போனார். வீட்டுக்காரியின் கையைப் பிடித்து நாலு வார்த்தை ஆறுதலாகச் சொன்னார். கிளம்பும்போது, அடுத்து என்ன நிறத்தில் வாங்குவதாக உத்தேசம் என்று கேட்டார்.

கெய்னரின் கொட்டகைக் கதவு விஷயமும் இதே மாதிரிதான். புத்தகத்தில் அது நீலக் கதவு. கெய்னர் அதற்குப் பச்சை அடித்தாள், கையில் பச்சை இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. மறுநாள் காலை கிட்டின்ஸ் ஒரு டப்பா நீலத்தோடும் தூரிகையோடும் முற்றத்தில் நின்றார். “உனக்கு எதுக்கு செலவுன்னு நானே வாங்கிட்டு வந்துட்டேம்மா.” கெய்னர் வாயைத் திறப்பதற்குள் மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டார். அந்த இரட்டைக் கதவில் பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒன்றுக்கு மட்டும் அடித்தார். மற்றது இன்றைக்கும் பச்சையாகவே இருக்கிறது. அவளுக்கு அதில் எரிச்சல் என்னவென்றால், அவர் அடித்த பாதிதான் பார்க்க நன்றாக இருக்கிறது.

கிட்டின்ஸுக்கு எந்நேரமும் கழுத்தில் டை உண்டு. மழைக்கோட்டுக்குள்ளும் டை, ஏப்ரல் சேற்றிலும் டை. கையில் ஒரு தடி. அதைக் கொண்டு பாதையோரத்தில், பட்டால் அரிக்கிற செந்தட்டிச் செடியை அளந்து பார்த்து, முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தால் நிலத்துக்காரரைத் தேடிப் போய்ச் சொல்வார். பையில் மெழுகுத்தாளில் சுற்றிய பாலாடைக்கட்டி ரொட்டி, ஒரு ஃபிளாஸ்க். எதிரே வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். “இதப் போட்டுக்கிட்டா மேட்டுக்குப் போறீங்க? உங்க இஷ்டம்.” வழி கேட்டால் வழி சொல்ல மாட்டார். “புத்தகத்துல என்ன போட்டிருக்கு?” என்று கேட்பார். புத்தகம் இல்லை என்றால் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவார்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் வண்டி ஓட்டும் உரிமத்துக்குப் பரீட்சை வைக்கிற அதிகாரி. இந்தப் பள்ளத்தாக்கில் அவரிடம் தோற்காதவர்கள் குறைவு. கெய்னர் நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவள். பரீட்சையன்று எதிர்ச்சாரியில் போன அத்தைக்கு ஒரு கையை உயர்த்தினாள். “ஸ்டீரிங்லருந்து கைய எடுத்துட்டீங்க” என்றார் கிட்டின்ஸ். “அது எங்க அத்தை சார்.” “அத்தையாவே இருக்கட்டும்.” அவள் கணவன் ஹியூ தோற்றது, வேலிக்கு அப்பால் யாருடைய கடாவையோ எட்டிப் பார்த்ததற்கு. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர் என்பதால், தலை நரைத்த பிறகும் வென்ட்ஹோப்புக்குக் கிட்டின்ஸ் ‘வந்தவர்’தான். அதைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம். திறந்திருக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கோடையில் காற்று வரட்டும் என்று பப்பின் கதவுக்கு ஒரு காலி பீர் பீப்பாயை அண்டக் கொடுத்து வைப்பான் கடைக்கார டென்சில். கிட்டின்ஸ் உள்ளே வந்ததும் பீப்பாயை நகர்த்துவார், கதவைச் சாத்துவார், இழுத்துப் பார்ப்பார், பிறகுதான் உட்காருவார். உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக்கொண்டே அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் போனதும் டென்சில் பீப்பாயைத் திரும்ப உருட்டிக்கொண்டு வருவான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவனும் அவரிடம் தோற்றவன்தான்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். போன ஜூலையில் சிரிக்க முடியாமல் போயிற்று.

அந்தக் கோடையில் மழையே இல்லை. கெய்னரின் மேட்டு மேய்ச்சலில் ஒரு ஊற்று உண்டு. அதிலிருந்துதான் அங்கே உள்ள தொட்டிக்குத் தண்ணீர் வரும். அந்த ஊற்று வற்றிப்போனது. கீழ் மேய்ச்சலில் மட்டும் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கேட்டைத் திறந்து போட்டாள். ஆடுகள் குளிர்ந்த நேரத்தில் மேட்டில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் தாமாகவே இறங்கி வந்து தண்ணீர் குடித்துக்கொள்ளும். மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம், நாய் வேண்டாம். அந்தக் கேட் ஒன்று திறந்திருந்தால் போதும்.

ஆனால் அந்தக் கேட் வழியாகத்தான் மூன்றாம் நடை போகிறது. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது: ‘கேட்டைக் கண்டால் மூடுக. மூடியபின் இழுத்துப் பார்க்க.’ கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வுல்வர்ஹாம்ப்டனில் தெரியாது போலிருக்கிறது. நடக்க வருகிறவர்களோ தங்கமான மனிதர்கள். ஒரு புல்லைக்கூட அனாவசியமாக மிதிக்க மாட்டார்கள், ஆட்டைப் பார்த்தாலும் ‘சாரி’ சொல்வார்கள். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்ததும் எவனோ பொறுப்பில்லாதவன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று உச்சுக்கொட்டிவிட்டு, மூடி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கெய்னர் ஒரு பலகையில் ‘கேட் திறந்தே இருக்கட்டும்’ என்று, ஆட்டுக்கு அடையாளம் போடுகிற சாயத்தால் எழுதி மாட்டினாள். யாரோ குறும்புக்காரப் பையன்கள் செய்த வேலை என்று நினைத்து மூடினார்கள். சணல் கயிறால் கேட்டை வேலிக் கம்பத்தோடு கட்டி வைத்தாள். முடிச்சை அவிழ்த்து, கேட்டை மூடி, அதே கயிறால் அழகாக இழுப்பு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டையே கழற்றிவிடலாம் என்றால், யாரும் கேட்டைத் தூக்கித் திருட முடியாதபடி மேல் கீலைத் தலைகீழாக மாட்டியிருந்தார் அவளுடைய அப்பா. அது துருவேறி இறுகிக் கிடந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். “அடுத்த வாரம் பாக்கறேன்” என்றான் ஹியூ. ஹியூவுக்கு எல்லாமே அடுத்த வாரம்தான்.

அவர்கள் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாளில் அது நடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது கேட் மூடியிருந்தது. மந்தை முழுவதும் கேட்டை ஒட்டி வெயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது, நாக்கு வெளியே தள்ளி. காது கிழிந்த பெட்டை ஒன்று மட்டும் நிற்கவில்லை. மற்றவை கேட்டைத் திறந்ததும் அதைத் தாண்டிக்கொண்டு ஓடைக்கு ஓடின.

கெய்னர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கிட்டின்ஸ் வீட்டு முன்னறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார். அவள் புத்தகக் கட்டின் மேல் உட்காரவில்லை.

“ஒரு ஆடு செத்துப்போச்சு, மிஸ்டர் கிட்டின்ஸ்.”

சாவுக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்ற அவர் கை தலைக்குப் போனது. வீட்டுக்குள் தொப்பி இல்லை. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் கை அங்கேயே நின்றது.

“எதும்மா?”

“காது கிழிஞ்சது.”

“வருஷா வருஷம் ரெட்டைக்குட்டி போடுமே, அதுவா?”

“அதுதான். கேட்ட மூடிட்டாங்க. தாகத்துல செத்திருக்கு. உங்க புத்தகத்தப் படிச்சுட்டுத்தான் மூடியிருக்காங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே வலித்தது என்பதில் கெய்னருக்குச் சந்தேகம் இல்லை. அதனால் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டாள்.

“ஒரு வரி. ஒரே ஒரு வரிய மாத்துங்க.”

“அச்சடிச்சாச்சேம்மா.”

“துண்டுச் சீட்டு ஒட்டுங்க. நானே வந்து ஒட்டறேன். ஹியூவையும் இழுத்துட்டு வர்றேன்.”

“துண்டு ஒட்டின புத்தகத்த எவன் நம்புவான்?” என்றார் கிட்டின்ஸ். கோபமாகச் சொல்லவில்லை; பாடம் நடத்துகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். “ஒரு எடத்துல தப்புன்னு நாமளே ஒட்டிவெச்சா, மிச்சமும் தப்பா இருக்குமோன்னு தோணும். நாலாம் நடையில சதுப்ப விட்டு இடப்பக்கமா போங்கன்னு போட்டிருக்கேன். இவன் யாரு சொல்றதுக்குன்னு படிக்கறவன் வலப்பக்கம் போவான். இடுப்பளவு சேத்துல நிப்பான். அப்புறம் யாரு அவன இழுக்கறது? ஹியூதான் டிராக்டர் எடுத்துக்கிட்டு வரணும்.”

“அப்ப எங்க ஆடு சாகலாம்.”

“நான் அப்படிச் சொன்னனா?”

“வேற எப்படிச் சொன்னீங்க? சரி விடுங்க. நாளைக்கு சங்கிலி போட்டுப் பூட்டிடறேன்.”

“பொதுப்பாதையில பூட்டா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“திறந்த கேட்ட திறந்த மேனிக்கே பூட்டப்போறேன். யாரையும் மறிக்கலையே.”

“பூட்டு பூட்டுதாம்மா. பாதையில பூட்டப் பாத்தா பாதி பேரு அப்படியே திரும்பிப் போயிருவான்.”

கெய்னர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எழுந்து போயிருப்பாள், ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். கிட்டின்ஸ் ஜன்னல் வழியாக மேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கேட் தெரியாது.

“சங்கிலி வேண்டாம்” என்றார் கடைசியில். “நாளைக்கு காலைல இருந்து நான் போய் உக்காந்துக்கறேன். நான் இருக்கற வரைக்கும் ஒருத்தன் அந்தக் கேட்ட மூட முடியாது.”

சொன்னபடியே மறுநாள் வந்துவிட்டார். மடக்கு நாற்காலி, குடை, தொப்பி, ஃபிளாஸ்க், டை. திறந்த கேட்டுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி நாற்காலியைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கெய்னர் அவரை நம்பவில்லை. வேலி முள்ளைக் கத்தரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே மறைவாக நின்று வேவு பார்த்தாள். சங்கிலியும் பூட்டும் வாளியில் தயாராகக் கிடந்தன.

முதலில் வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. கையில் பச்சைப் புத்தகம். கேட்டைக் கடந்ததும் அந்த ஆள் வழக்கப்படி அதைப் பிடித்துச் சாத்தப் போனார்.

“வேண்டாம், விடுங்க” என்றார் கிட்டின்ஸ்.

“சாரி. ஆனா புத்தகத்துல மூடணும்னு போட்டிருக்கு.”

“போட்டிருக்கறது சரிதான்.”

“அப்ப மூடட்டுமா?”

“வேண்டாம்.”

அந்த அம்மாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். “கொட்டை எழுத்துல போட்டிருக்கே. இத எழுதினவருக்குத் தெரியாமலா இருக்கும்?”

தன் புத்தகத்துக்கு எதிராக வாதாட வேண்டிய நிலை கிட்டின்ஸுக்கு அதற்கு முன் வந்ததில்லை. முள்ளுக்குப் பின்னால் கெய்னர் கத்தரிப்பதை நிறுத்திவிட்டாள். இப்போது ஒரு வார்த்தை, புத்தகம் தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

“நீங்க போங்க” என்றார் கிட்டின்ஸ். “நான் இங்கதான இருக்கேன். உங்களுக்கும் சேத்து நான் அப்புறமா மூடிக்கறேன்.”

அவர்கள் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்கள்.

அடுத்து வந்தவர்களுக்கும் அதே பதில்தான். அதற்கடுத்து வந்த நடைக்குழுவுக்கும் அதேதான். “போங்க, போங்க, நான் மூடிக்கறேன்.” வந்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் போனார்கள். கேட் திறந்தே கிடந்தது. வெயில் ஏறியதும் ஆடுகள் அவருடைய நாற்காலியை உரசிக்கொண்டு கீழே இறங்கின. அவர் காலை மடக்கி வழிவிட்டார். ஒன்று அவருடைய ரொட்டியை மோந்து பார்த்தது. அதைப் பார்த்து அதிகாரமாக ஏதோ சொன்னார். சாயங்காலம் சூடு தணிந்ததும் அவை திரும்ப மேட்டுக்கு ஏறின. ஒரு குட்டிக்கும் ஒரு குறையும் இல்லை.

கெய்னர் வீட்டுக்குப் போய் ஹியூவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “அடேங்கப்பா, அந்த மனுஷன் பொய்கூடச் சொல்லக் கத்துக்கிட்டாரு ஹியூ. ‘நான் மூடிக்கறேன்’ங்கறாரு, முகத்துல ஒரு சலனம் இல்ல.” வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு அவர் மேல் பிரியமாக இருந்தது. ஒரு வரியை மாற்ற மனமில்லாமல் நாள் முழுக்க வெயிலில் காய்ந்த கிழவர். மாற்றாவிட்டால் போகட்டும், ஆடு பிழைத்தால் சரி. பிளம் கேக்கில் பெரிதாக ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, துணியால் மூடி, எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினாள். சங்கிலியை வாளியோடு முற்றத்திலேயே விட்டுவிட்டாள்.

அவள் பாதி தூரம் ஏறியபோது கிட்டின்ஸ் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். ஃபிளாஸ்க்கில் மிஞ்சியதைப் புல்லில் கொட்டினார். நாற்காலியை மடித்துத் தோளில் மாட்டினார். டையைச் சரிசெய்துகொண்டார். ஆடுகள் எல்லாம் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, நின்று, திரும்பி, இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து மெதுவாகச் சாத்தினார். கொண்டி விழுந்த சத்தம் கெய்னர் வரைக்கும் கேட்டது.

தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அந்த வழியாகப் போன ஒவ்வொருவருக்கும் கொடுத்த வாக்கைக் கிட்டின்ஸ் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். கேட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். போதாதென்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, சத்தம் கேட்டுத் தலைதூக்கிய ஆடுகளைப் பார்த்து, கேட்டின் சட்டங்களுக்கு மேலாகத் தொப்பியைக் கழற்றினார்.